மாணவர் தந்த ரூபாய் நோட்டு கள்ள நோட்டோ என்று சந்தேகமா? பள்ளி அலுவலகத்துக்கான செய்முறை

ஃபீஸ், சுற்றுலாப் பணம் எது வாங்கினாலும் நோட்டை மாணவர் எதிரிலேயே பாருங்கள். கட்டோடு கலந்துவிட்டால் யார் தந்தது என்று சொல்ல முடியாது. 500 ரூபாய் நோட்டு என்றால் ரசீதின் அடிக்கட்டையில் அதன் எண்ணைக் குறித்துவிடுங்கள்.

சந்தேகம் வந்தால் வகுப்பில் பேச்செடுக்காமல் பிள்ளையை எச்.எம். அறைக்கு அழைத்துப் போங்கள். பணம் யார் தந்தது என்று மட்டும் கேளுங்கள். பையைச் சோதிப்பது நம் வேலை இல்லை.

சோதனைக்கு நல்ல நோட்டு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் காந்தியின் நிழலுருவமும் 500 என்ற எண்ணும் தெரியும். சாய்த்தால் நோட்டில் மேலிருந்து கீழாக ஓடும் பாதுகாப்பு இழையும், வலது கீழே உள்ள 500-ம் பச்சையிலிருந்து நீலமாகும். இரு ஓரங்களிலும் ஐந்து சாய்கோடுகள் விரலில் தட்டுப்படும். பழைய நோட்டில் இது தேய்ந்திருக்கும். புறஊதா விளக்கை மட்டும் நம்ப வேண்டாம்: சட்டைப் பையோடு துவைத்த நல்ல நோட்டும் சோப்புத்தூளால் கள்ள நோட்டு போலவே நீலமாக ஒளிரும். எண்ணின் நடுவே நட்சத்திரம் இருந்தாலும் நல்ல நோட்டுதான். அந்தப் பச்சை இழை காந்திக்குப் பக்கத்தில் இருந்தால் கள்ள நோட்டு என்பது வாட்ஸ்அப் வதந்தி.

பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். "வேற நோட்டு கொண்டு வா" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை அதைப் பெட்டிக்கடையில் நீட்டும். கள்ள நோட்டு என்று தெரிந்தே மாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 179-ஆம் பிரிவின்படி குற்றம். பிள்ளையை அந்த வழியில் நாமே தள்ளக் கூடாது. கிழிப்பதும் தவறு. கவரில் போட்டு, நோட்டு எண், தேதி, தந்தவர் பெயர் எழுதிப் பூட்டி வைத்துப் பெற்றோரை வரச்சொல்லுங்கள். நேர்வழியில் கைக்கு வந்ததென்று காட்டினால் வைத்திருந்தது குற்றமாகாது என்று 180-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பயந்து வரும் பெற்றோரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

அன்றோ மறுநாளோ கிளார்க்கும் பெற்றோரும் சேர்ந்து வங்கிக்குப் போகட்டும். கள்ள நோட்டுதான் என்றால் கேஷியர் முத்திரை குத்திப் பறிமுதல் செய்வார். பணமும் வராது, நோட்டும் திரும்பாது. ஒப்புகை ரசீதைக் கேட்டு வாங்குங்கள். தர வேண்டியது வங்கியின் கடமை. ஒரே தடவையில் நான்கு நோட்டு வரை என்றால் மாத இறுதியில் மொத்தமாகப் போலீசுக்குத் தெரிவிப்பார்கள். ஐந்து அல்லது அதற்கு மேல் என்றால் உடனே புகார் போகும். அதனால் ஒரே நாளில் பல பிள்ளைகளிடம் இப்படி நோட்டு வந்தால் ஒன்றாகக் கட்டாமல், யாருடையது எது என்று தனித்தனிக் கவரில் வையுங்கள்.