கால் கட்டைவிரல் சாய்ந்து எலும்பு புடைக்கிறதா? எக்ஸ்ரேயில் தொடங்கி ஆபரேஷன் முடிந்து நடப்பது வரை

அம்மாவுக்குக் கால் கட்டைவிரல் சாய்ந்து, அதன் அடியில் எலும்பு புடைத்து நிற்பது பல வருடக் கதை. பாட்டிக்கும் அப்படித்தான் இருந்ததால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மெட்டி கழலவில்லை என்று சோப்புத் தண்ணீர் விட்டு உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், கட்டைவிரல் நெருக்கி நெருக்கி இரண்டாவது விரலில் மெட்டி பதிந்த இடமே புண்ணாகிக் கிடந்தது. அப்புறம் எக்ஸ்ரே, ஆர்த்தோ டாக்டர், ஆபரேஷன் என்று அலைந்ததில் தெரிந்துகொண்டதை, இதே வலியோடு இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இதற்குப் பெயர் பன்யன். மருத்துவச் சீட்டில் ஹாலக்ஸ் வால்கஸ் என்று எழுதியிருப்பார்கள். பார்த்தால் புதிதாக எலும்பு வளர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் பெரும்பாலும் அப்படி இல்லை. பாதத்துக்குள் இருக்கும் முதல் நீள எலும்பு (மெட்டாடார்சல்) மற்ற விரல்களின் எலும்புகளை விட்டு விலக, விரல் மற்ற விரல்கள் பக்கம் சாய, நடுவில் மூட்டின் முனை துருத்துகிறது. அதனால் புடைப்பை மட்டும் சீவிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எலும்பை இடத்துக்குக் கொண்டுவராமல் விட்டால் திரும்ப வர நிறைய வாய்ப்பு.

முதலில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் திடீரென்று அந்த மூட்டு சிவந்து, சூடாகி, போர்வை பட்டால்கூட உயிர் போகிற மாதிரி வலித்தால் அது கவுட்டாக (யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் வாதம்) இருக்கலாம், அதற்கு வழி வேறு. விரல் சாயாமல், மேலே மடக்க முடியாமல் இறுகிப்போனால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம்.

இனி எக்ஸ்ரே. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: நின்றபடி எடுக்க வேண்டும். அம்மாவுக்கு முதலில் எடுத்த இடத்தில் டேபிளில் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நிக்க வச்சு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். இரண்டாவது ஃபிலிமைப் பக்கத்தில் வைத்தபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. உடம்பின் பாரம் இறங்கும்போதுதான் எலும்புகள் விரியும். பாரமில்லாமல் எடுத்தால் சாய்வு குறைவாகக் காட்டலாம், அதை நம்பி முடிவெடுத்தால் ஆபரேஷன் வகையே மாறிப்போகும். ஆகவே சீட்டில் "ஸ்டாண்டிங்" அல்லது "வெயிட் பேரிங்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதியிருந்தாலும் எக்ஸ்ரே அறையில் இன்னொரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தேவைப்பட்டால் சாய்வாக ஒன்று எடுப்பார்கள். மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள்.

ஃபிலிமில் டாக்டர் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு கோணங்கள். கட்டைவிரலின் அடி எலும்புக்கு நடுவே ஒரு கோடு, அதற்குப் பின்னால் உள்ள மெட்டாடார்சலின் நடுவே ஒரு கோடு: இரண்டுக்கும் இடையே 15 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு, 40-ஐத் தாண்டினால் கடுமை. அடுத்தது முதல், இரண்டாவது மெட்டாடார்சல்களுக்கு இடையே உள்ள கோணம், அது 9 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நான் ஃபிலிம் மேல் ட்ரேசிங் பேப்பர் வைத்து, பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்த கோணமானியால் அளந்து பார்த்தேன். சிகிச்சையை நாமே முடிவு செய்வதற்காக இல்லை, டாக்டர் பேசும்போது புரியவேண்டும் என்பதற்காக. இவை தவிர, மூட்டுக்கு அடியில் பயறு மாதிரி இருக்கும் இரண்டு குட்டி எலும்புகள் இடம் நழுவியிருக்கின்றனவா, மூட்டு தேய்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் தேவைப்படாது.

ஆபரேஷன் யாருக்கு? வலி இருந்து, முன்பக்கம் அகலமான செருப்பு, சிலிக்கோன் பேட் எல்லாம் போட்டுப் பார்த்தும் நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு. இரவில் மாட்டிக்கொள்ளும் பட்டைகள் வலியைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் பெரியவர்களுக்கு எலும்பை நிரந்தரமாக நிமிர்த்தாது. பார்க்க நன்றாக இல்லை என்பதற்காக மட்டும் தயவுசெய்து செய்துகொள்ளாதீர்கள், வலி இல்லாத காலில் கத்தி வைத்து வலியை வாங்கிக்கொண்டவர்களும் உண்டு. வளரும் பிள்ளைகளுக்குப் பொதுவாக எலும்பு வளர்ச்சி முடியும்வரை காத்திருப்பார்கள்.

வகைகள் நூற்றுக்கும் மேல், நம் காதில் விழுவது நாலைந்துதான். சாய்வு குறைவு என்றால் செவ்ரான்: மெட்டாடார்சலின் முனைப்பக்கம் வி வடிவில் வெட்டி நகர்த்தி ஸ்க்ரூ போடுவது. நடுத்தரம் என்றால் ஸ்கார்ஃப், எலும்பின் தண்டிலேயே நீளமாக வெட்டுவார்கள். இவற்றோடு விரல் எலும்பிலும் ஒரு சின்ன வெட்டு சேர்ந்தால் அது ஏகின். சாய்வு அதிகமாக இருந்தாலோ, பாதத்தின் நடுவில் மூட்டு தளர்ந்திருந்தாலோ அந்த மூட்டையே இணைத்துவிடும் லாபிடஸ், 1934-இல் இதை எழுதிய சர்ஜனின் பெயர் அது. கட்டைவிரல் மூட்டே தேய்ந்துவிட்டால் அதையே இணைப்பார்கள். அப்புறம் அந்த மூட்டு மடங்காது, குந்தி உட்காருவது சிரமம். இந்தியன் டாய்லெட், தரையில் உட்கார்ந்து வேலை என்று பழகியவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சின்னத் துளை வழியாகச் செய்வதும் உண்டு, தழும்பு சிறிதாக இருக்கும், ஆனால் உள்ளே எலும்பை வெட்டுவது வெட்டுவதுதான், எலும்பு ஒன்றுசேர எடுக்கும் நாளும் ஏறக்குறைய அதேதான்.

டாக்டரிடம் கேளுங்கள்: என் கோணம் எத்தனை, ஏன் இந்த வகை, என்றைக்குக் கால் ஊன்றலாம், திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள். மரத்துப்போதல், மூட்டு இறுகுதல், கிருமித்தொற்று, எலும்பு கூடாமல் போதல் எல்லாம் நடக்கக்கூடியவை. சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவந்து, பாதத்தின் ரத்த ஓட்டத்தையும் பார்த்த பிறகுதான் தேதி குறியுங்கள். சிகரெட் பிடிப்பவர் நிறுத்தியே ஆகவேண்டும், எலும்பு கூடுவதை அது கெடுக்கும்.

வீட்டை முன்பே தயார் செய்யுங்கள். கீழ்த்தளத்தில் படுக்கை, குளியலறையில் ஸ்டூல், கட்டு நனையாமல் காலுக்கு பிளாஸ்டிக் உறை. முதல் இரண்டு வாரம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்திருப்பதே பெரிய மருந்து. அம்மா இரண்டாம் நாளே அடுப்படிக்குப் போய் நின்றுவிட்டார், சாயங்காலம் விரல்கள் வீங்கி வெடிக்கிற மாதிரி ஆகிவிட்டன. தையல் சுமார் 2 வாரத்தில் பிரிப்பார்கள். செவ்ரான், ஸ்கார்ஃப் என்றால் கெட்டியான அடிப்பாகம் கொண்ட தனிச் செருப்போடு குதிகாலில் ஊன்றி சுமார் 6 வாரம் நடக்க வேண்டியிருக்கும், லாபிடஸுக்கு இன்னும் கூடுதல் கட்டுப்பாடு. கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம். வீக்கம் முழுசாக வடிய 6 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும், ஆகவே புதுச் செருப்பையும் மெட்டியையும் அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

சுமார் 6 வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே இருக்கும். பழைய ஃபிலிமைக் கையோடு எடுத்துப் போங்கள், கால் ஊன்ற டாக்டர் அனுமதித்திருந்தால் இதையும் நின்றபடியே எடுக்கச் சொல்லுங்கள்.