எந்தக் கந்தசாமி? குடும்ப வரலாறு தேடும் முறை

கந்தசாமியின் மகன் பெருமாள். பெருமாளின் தலைச்சன் பிள்ளைக்குத் தாத்தா பெயர், அதாவது பெ. கந்தசாமி. அவருக்குப் பிறந்தவர் மறுபடியும் க. பெருமாள். பழைய பத்திரத்தில் ‘க. பெருமாள்’ என்று கண்டால் அது தாத்தாவா பேரனா என்பதை இனிஷியல்கூடக் காட்டிக்கொடுக்காது. பெருமாளுக்கு மூன்று தம்பிகள் இருந்தால் அந்த மூன்று வீட்டிலும் ஆளுக்கொரு கந்தசாமி இருப்பார். இரண்டு பேரை ஒருவராக்கி ஒரு தலைமுறையையே விழுங்கிவிடுவதுதான் வம்சாவளி எழுதுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு.

அதனால் பெயரை நம்பாமல் ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். நோட்டில் ஒருவருக்கு ஒரு பக்கம். மனைவி பெயர், அவர் பிறந்த ஊர், நிலத்தின் சர்வே எண், உத்தேசப் பிறந்த வருஷம் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். மாமன் மகளைக் கட்டும் குடும்பங்களில் மனைவியின் பெயரும் ஊரும்கூடத் திரும்பி வரும். அங்கே சர்வே எண்ணும் வருஷமும்தான் கைகொடுக்கும்.

பத்திரங்களைத் தொடும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். ‘சித்தப்பா’ என்று அவர்கள் சொன்னால் உடனே எழுதிவிடக் கூடாது. அப்பாவின் தம்பியும் சித்தப்பா, பங்காளி முறையில் இளையவரும் சித்தப்பா, சித்தி புருஷனும் சித்தப்பா. “கூடப்பிறந்தவரா? ஒரே தாய் வயிறா, மூத்த தாரத்துப் பிள்ளையா?” என்று கேட்டால்தான் தெளியும். வயதை நேராகக் கேட்டால் குத்துமதிப்பாகத்தான் வரும். “தனுஷ்கோடிப் புயலப்போ கல்யாணம் ஆயிடுச்சா?” என்று கேட்டால் 1964 டிசம்பர் கையில் இருக்கிறது.

பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியை அப்படியே எடுக்காதீர்கள். சேர்க்கைக்கு ஐந்து வயது ஆகியிருக்க வேண்டும் என்பதற்காக வாத்தியார் போட்ட மே, ஜூன் தேதிகள் ஏராளம். சாதகம் இருந்தால் அதையே நம்பலாம்.

ஆனால் சாதகத்தில் இருப்பது தமிழ் வருஷம், அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். தாது என்றால் 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். தாது வருஷப் பஞ்சம் என்று ஊர் சொல்வது முதலாவதை. வருஷம் சித்திரையில் தொடங்குவதால் தாது வருஷத்து மாசி மாதம் 1877இலோ 1937இலோ வரும். மார்கழிப் பின்பாதியிலிருந்து பங்குனி வரை இப்படி ஒன்றைக் கூட்ட மறந்தால் தம்பி அண்ணனுக்கு முன்பே பிறந்துவிடுவார்.

பழைய கையெழுத்தில் எண்களும் ஏமாற்றும். ௧ என்பது க போலவும், ௨ என்பது உ போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும் இருக்கும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆகவே ௲௮௱௭௰௬ என்பது 1876. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே இருக்காது. ஒரு வரியை மூன்று விதமாகப் படித்துப் பார்த்துத்தான் பெயரை முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்து நிலம். பதிவுத்துறை இணையதளத்தில் ஊரையும் சர்வே எண்ணையும் கொடுத்து வில்லங்கம், அதாவது அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல், பார்க்கலாம். கணினியில் ஏறாத வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கிடைக்கும் ஆவண எண்ணை வைத்து நகல் வாங்க வேண்டும். ‘எதுவும் இல்லை’ என்று பதில் வந்தால் பெரும்பாலும் எண்தான் மாறியிருக்கும். 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் சர்வே எண்கள் மாறின. ஊர் நிலங்களின் கிராமக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு (சர்வே எண்ணுக்கு)த் தனிக் கட்டம் உண்டு, அதைப் பார்த்துக்கொண்டு போங்கள். ஊர் முன்பு வேறு சார்பதிவகத்தில் இருந்திருக்கலாம், அதையும் விசாரியுங்கள்.

எந்தப் பத்திரத்தை முதலில் எடுப்பது என்றால், பாகப்பிரிவினையை. கிரயப் பத்திரத்தில் தகப்பன் பெயரோடு நின்றுவிடும். பாகப்பிரிவினையிலோ சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற கதை முழுவதும் இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் வரும்வரை பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலப் பிறப்புரிமை இல்லை. அதனால் பழைய பாகப்பிரிவினையில் பெண் பெயர் இல்லை என்பதற்காகப் பெண் பிறக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அந்தப் பெண்களை மொய் நோட்டில் பிடிக்கலாம். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் வரவு ஊர், பெயர், தொகை என்று ஏறியிருக்கும். பல ஊர்களில் முதல் வரியே தாய்மாமன்தான். அவர் ஊர்தான் அம்மாவின் பிறந்த ஊர். வெளியூரிலிருந்து வந்த பெரிய தொகைகளை எல்லாம் தனியாகக் குறியுங்கள். கட்டிக்கொடுத்த அக்கா, அத்தை வீடுகள் அவற்றில் இருக்கும். இந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள், அட்டை உட்பட. தேதி பெரும்பாலும் அட்டையில் மட்டுமே இருக்கும்.

குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டும் இதே ரகம். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அடுத்தடுத்த திருவிழாக் கணக்குகளை ஒப்பிட்டால், புதிதாகச் சேர்ந்த பெயருக்கு இடைப்பட்ட காலத்தில் கல்யாணம், விழுந்த பெயருக்குப் பெரும்பாலும் சாவு. பிழைப்புக்கு ஊர்விட்டுப் போனவர் பெயரும் விழும் என்பதால் திதி கொடுக்கும் மாதத்தை வீட்டில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

‘கப்பலேறிப் போனவர்’ ஒருவர் இருந்தால், அவரைப் பற்றி என்ன கிடைக்கும் என்பது எந்த நாடு என்பதைப் பொறுத்தது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடல் அடையாளம் வரை உண்டு. கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர்) மூலம் இலங்கைக்கோ மலாயாவுக்கோ போனவர்களுக்கு இவ்வளவு விரிவான பட்டியலை எதிர்பார்க்க முடியாது. நேட்டால் பட்டியலில் ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடிதான் எழுத்து. முனிசாமி ‘மூன்சாமி’, முதலி ‘மூட்லி’. கிராமப் பெயர் அடையாளமே தெரியாமல் சிதைந்திருக்கும். எனவே முதலில் ஜில்லாவையும் தகப்பன் பெயரையும் வைத்து வடிகட்டி, பிறகு கிராமப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.