குழந்தைக்குப் பெயர்: பிடிக்காதவற்றைப் பேசித் தீர்ப்பதும் ஆங்கில எழுத்துகளை முடிவு செய்வதும்

சிங்கப்பூரில் குழந்தை பிறந்த 42 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தாக வேண்டும். 2022ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி முதல் அந்தப் பதிவு முழுவதும் மின்னிலக்க முறைக்கு மாறிவிட்டதால், முகப்பில் ஓர் அதிகாரியின் எதிரே அமர்ந்து எழுத்துகளைச் சரிபார்க்கும் அந்தச் சில நிமிடங்கள் இப்போது பெற்றோருக்குக் கிடைப்பதில்லை. நள்ளிரவில் பால் கொடுத்து முடித்த களைப்பில் கைத்தொலைபேசியில் எதைத் தட்டுகிறோமோ அதுவே சான்றிதழில் நிற்கும். வளர்ந்த பிறகு மாற்ற வேண்டுமானால் வழக்கறிஞரிடம் சென்று பெயர் மாற்றப் பத்திரம் எழுதி, கடப்பிதழ், வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வர வேண்டும். எனவே பெயரைப் பற்றிய பேச்சு குழந்தை பிறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். அந்தப் பேச்சைப் பிடித்த பெயர்களிலிருந்து தொடங்காமல் பிடிக்காத பெயர்களிலிருந்து தொடங்குவது நல்லது.

வளைகாப்பு முடிந்த கையோடு, உறவினர்களின் பட்டியல்கள் வந்து குவிவதற்குள், கணவனும் மனைவியும் தனித்தனித் தாளில் வேண்டாத பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏன் வேண்டாம் என்று ஒரு வரி எழுதுவது கட்டாயம். காரணத்தை எழுதிப் பார்க்கும்போதுதான் அந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது என்பது நமக்கே தெரியும். பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வரும்: அந்தப் பெயருடைய ஒருவரைப் பற்றிய நினைவு, அந்தப் பெயரின் ஓசை, அந்தப் பெயரால் குழந்தைக்கு வரக்கூடிய சுமை.

ஒருவரைப் பற்றிய நினைவு என்றால் மற்றவர் வாதாடக் கூடாது. மனைவிக்குக் கசப்பான ஒரு பெயரை, அதைச் சொல்லித் தினமும் பிள்ளையைக் கூப்பிட வேண்டியவள் அவள் என்பதால், அப்படியே அடித்துவிடுவதுதான் முறை. ஆனால் அந்த நினைவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று உரியவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். என் மாமியார் எங்கள் மகளுக்காகக் கேட்டது ஒரே ஒரு பெயர், கோகிலா. அது அவருடைய தாயாரின் பெயர். தொடக்கநிலை நான்கில் என்னை விளையாட்டில் சேர்க்காத ஒரு மாணவியின் பெயரும் அதுவே என்பதால் நான் மறுத்துவிட்டேன். அந்த மாணவியின் முகம்கூட இன்று எனக்கு நினைவில்லை, ஆனால் மறுத்தபோது மாமியார் "சரிம்மா, உன் இஷ்டம்" என்று சொன்ன குரல் நினைவில் இருக்கிறது. முகம் மறந்துபோன வெறுப்புக்கு ஒரு பெயரைப் பலிகொடுக்க வேண்டாம்.

ஓசை பற்றிய வெறுப்பைத் தீர்ப்பது கடினம், ஏனெனில் அதில் தலைமுறையும் மொழிப்பற்றும் கலந்திருக்கின்றன. மெய்யெழுத்தில் அடுக்கடுக்காகத் தொடங்கி 'ஷ்', 'வித்', 'விக்' என்று முடியும் பெயர்கள் எனக்குப் பிடிப்பதில்லை. பொருள் கேட்டால் பெற்றோரே தேடிப் பார்க்க வேண்டியிருக்கும் பெயர்கள் என்றால் இன்னும் வருத்தம். ஆனாலும் இந்த வெறுப்பை ஓர் அளவோடு வைத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1916ஆம் ஆண்டுவாக்கில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம், தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டபோது அதுவும் பலருக்குப் புதுமையாகத்தான் பட்டிருக்கும். அந்த இயக்கத்தின் வழிவந்த எத்தனையோ பெயர்கள் இன்று சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் யாரையும் திரும்பிப் பார்க்க வைப்பதில்லை. ஆகவே புதிது என்பதை மட்டும் குற்றமாகக் கொள்ளாமல், "இந்தப் பெயருக்கு என்ன பொருள், ஏன் எனக்கு வைத்தீர்கள்?" என்று பிள்ளை ஏழு வயதில் கேட்டால் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். முடியுமானால் ஓசை பற்றிய தயக்கத்தை விட்டுக்கொடுக்கலாம்.

மூன்றாவது வகையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நம் பிள்ளைகளின் பெயரை வாழ்நாள் முழுவதும் அழைக்கப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர் அல்லர். அவர்கள் காதில் அது எப்படி விழுகிறது என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். நிலவைக் குறிக்கும் 'மதி' என்ற அழகிய பெயர், மலாய் பேசுவோரின் காதில் சாவைக் குறிக்கும் 'மாத்தி' என்ற சொல்லாக விழக்கூடும். இளமதி, மதிவதனி என்று நீட்டினாலோ, 'டி ஹெச்' (TH) என்பதற்குப் பதிலாக ஆங்கிலத்தில் 'தி'யை மெலிந்த ஒலியாகக் காட்டும் D என்ற எழுத்தை இட்டாலோ அந்தச் சங்கடம் குறையும். 'சாய்' என்று தனியே நின்றால் ஹொக்கியன் என்னும் சீன மொழியில் மலத்தைக் குறிக்கும் சொல்லை நினைவூட்டும் என்பதால், பக்தியோடு அந்தப் பெயரை விரும்பும் குடும்பங்கள் சாய்பிரியா, சாய்ராம் என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதலாம். அதே நேரத்தில், 'பாலா' என்ற ஒலிக்கு மலாயில் பேரிடர் என்ற பொருள் இருந்தும் இங்கே எத்தனையோ பாலாக்கள் மதிப்போடு வாழ்கிறார்கள். பழகிய பெயரைப் பிறரும் பெயராகவே கேட்கிறார்கள். எனவே இத்தகைய ஒற்றுமை தெரிந்தவுடன் பெயரைக் கைவிட வேண்டியதில்லை. தெரியாமல் வைத்துவிட்டுப் பள்ளித் திடலில் பிள்ளை முதன்முதலாகத் தெரிந்துகொள்ளும்படி விடுவதுதான் தவறு.

மறுக்கும் உரிமை தாய் தந்தைக்கு மட்டுமே. பாட்டி தாத்தாவும் அத்தை மாமாவும் யோசனை சொல்லலாம். அவர்கள் தரும் பெயரை ஏற்க முடியவில்லையென்றால், "நன்றாக இல்லை" என்று சொல்லாமல், "அத்தை, இதை வீட்டில் கூப்பிடும் பெயராக வைத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். நம் குடும்பங்களில் பதிவுப் பெயர் ஒன்றும் வீட்டுப் பெயர் ஒன்றும் இருப்பது வழக்கமே. கோகிலா என்ற பெயருக்கு நான் இதைச் செய்திருக்கலாம். அதேபோல, உறவினராக நீங்கள் தொட்டிலருகே நிற்கும்போது வைத்து முடித்த பெயர் பிடிக்கவில்லையென்றால், அதன் பொருளைக் கேட்டு, குழந்தையை அந்தப் பெயரால் ஒருமுறை அழைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது எழுத்து. பலர் இங்கே நேராக ஆங்கில எழுத்துகளில் பெயரை அமைக்கத் தொடங்குகிறார்கள். எனக்குத் தெரிந்த குழப்பங்களில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே பிறந்தவை. முதலில் தமிழில் எழுதுங்கள். லகரமா, ளகரமா, ழகரமா, முதலெழுத்து குறிலா நெடிலா என்பதெல்லாம் தாளில் உறுதியான பிறகே ஆங்கிலத்துக்குச் செல்ல வேண்டும். தமிழ் மரபில் சொல்லின் முதலில் ரகரமும் லகரமும் வருவதில்லை என்பதால் ரவியை இரவி என்று எழுதுவோரும் உண்டு. அதையும் அப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ழகரத்தில்தான் சிங்கப்பூர்ப் பெற்றோர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டு வழக்கப்படி 'இஸட் ஹெச்' என்று எழுதினால், சீன மொழியை ஆங்கில எழுத்துகளில் எழுதும் பின்யின் முறையில் வளர்ந்த ஆசிரியரும் தாதியரும் அதே இரண்டு எழுத்துகளை 'ஜ' போன்ற ஒலியாகவே படிப்பார்கள். யாழினி 'யாஜினி' ஆவாள், குழலி 'குஜலி' ஆவாள். அது அவர்கள் குற்றமன்று, அவர்கள் கற்ற முறையில் அந்த எழுத்துகளுக்கு அதுவே ஒலி. 'எல்' என்று எழுதினால் யாழினி 'யாலினி' ஆகிறாள். ழகரம் போய்விட்டாலும் பெயர் அடையாளம் தெரிகிறது, நம் மொழியின் பெயரையே ஆங்கிலத்தில் அந்த எழுத்தால்தான் எழுதி வருகிறோம். நான் 'எல்' பக்கம் நிற்கிறேன். ழகரத்தை எழுத்தில் காட்டியே தீர வேண்டும் என்று விரும்பும் பெற்றோரின் மனமும் எனக்குப் புரிகிறது. அவர்கள் பிள்ளைக்குத் தன் பெயரைப் பொறுமையாகத் திருத்திச் சொல்லக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

'டி'யா (T) 'டி ஹெச்'சா (TH) என்பதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டையும் இங்கே ஏறத்தாழ ஒரே மாதிரிதான் படிக்கிறார்கள்.

எண் கணிதத்துக்காக எழுத்துகளைக் கூட்டுவது வேறு வகை. அந்த முறையில் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் 1 முதல் 8 வரை ஒரு மதிப்பு உண்டு, விரும்பிய கூட்டுத்தொகை வரும்வரை ஓர் 'ஏ', ஓர் 'ஹெச்', இன்னொரு 'என்' என்று சேர்க்கிறார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று 'ஆர்' அடுத்தடுத்து நிற்கும் பெயரையோ, இறுதியில் ஒலிக்காத 'ஹெச்' இரண்டு தொங்கும் பெயரையோ பார்க்கும்போது, அந்தப் பிள்ளை தொலைபேசியில் அதை எத்தனை முறை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று என் மனம் கணக்குப் போடுகிறது. கூட்டுத்தொகை முக்கியமென்றால், 'ஏ'யை இரட்டிப்பது போல நெடிலை உண்மையாகவே காட்டும் இடத்தில் மட்டும் எழுத்தைக் கூட்டுங்கள், அல்லது அந்த எண்ணைக் கையொப்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தையும் எண்ணிப் பாருங்கள். கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கென்று 39 இடங்களே உள்ளன. பிள்ளையின் பெயரும் தந்தையின் பெயரும் சேர்ந்து அதைத் தாண்டினால் அங்கே பெயர் வெட்டப்படும். தந்தையின் பெயர் 'லெட்சுமணன்' என்று அந்தக் காலத்து எழுத்தர் காதில் கேட்டபடி எழுதியதாக இருந்தாலும் அதைத் திருத்தாமல் அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். முன்னாள் அதிபர் எஸ். ஆர். நாதனின் முழுப்பெயரில் செல்லப்பன் என்பது ஆங்கிலத்தில் ஒரே 'பி'யோடுதான் இருந்தது.

முடிவு செய்த எழுத்துகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஒரு மலாய் அண்டை வீட்டாரிடமும் ஒரு சீன நண்பரிடமும் ஒரு தமிழரிடமும் நீட்டிப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முதலில் உச்சரித்துக் காட்டக் கூடாது. மூவரில் இருவர் ஒரே இடத்தில் இடறினால் அந்த இடத்தை மாற்றுங்கள். வெவ்வேறு இடங்களில் இடறினால் அது பழகினால் சரியாகிவிடும்.

பதிவு செய்யும் நாளில் ஒருவர் தட்ட, மற்றவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக வாசிக்க வேண்டும். தமிழில் எழுதிய அந்த முதல் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிள்ளை தொடக்கநிலை ஒன்றில் சேரும்போது தமிழாசிரியரின் கையில் இருப்பது ஆங்கில எழுத்துகளில் உள்ள பெயர்ப்பட்டியல்தான். அதை வைத்து அவர் லகரமா ழகரமா என்று ஊகிக்க வேண்டியிராதபடி, முதல் நாளே அந்தத் தாளின் நகலைப் பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தில் வைத்து அனுப்புங்கள்.