வாட்ச் செயினை வீட்டில் சுருக்குகிறீர்களா? கெடுவது பெரும்பாலும் இங்கேதான்

செயின் அளவு பார்க்கச் சிங்கப்பூரில் மோசமான இடம் குளிரூட்டிய அறை. அங்கே மணிக்கட்டு சற்றுச் சுருங்கியிருக்கும். அந்த அளவுக்குக் கண்ணியைக் கழற்றிவிட்டு, மதியம் எம்ஆர்டி நிலையத்திலிருந்து பத்து நிமிடம் வெயிலில் நடந்தால் செயின் தோலில் பதிந்துவிடும். மாலையில் வெளியே நடந்துவிட்டு வந்து பாருங்கள். செயினுக்கும் தோலுக்கும் இடையில் சுண்டுவிரல் நுழைந்தால் சரி.

கண்ணியைத் தொடுமுன் கிளாஸ்ப்பின் (செயினைப் பூட்டும் கொக்கி) ஓரத்தைப் பாருங்கள். பல செயின்களில் அங்கே வரிசையாகச் சிறு துளைகள் இருக்கும். ஸ்பிரிங் பாரை (இரு முனையும் உள்ளே அமுங்கும் சிறு கம்பி) ஒரு துளை தள்ளினாலே இறுக்கம் மாறும். முதலில் அதை நடுத்துளைக்குக் கொண்டுவந்துவிட்டுக் கண்ணியைக் கழற்றினால், பிறகு கூட்டவும் குறைக்கவும் இடம் கிடைக்கும்.

ஒரே பக்கத்தில் எல்லாக் கண்ணிகளையும் எடுத்தால் கிளாஸ்ப் மணிக்கட்டின் ஓரத்துக்குப் போய்விடும். 12 மணிப் பக்கமும் 6 மணிப் பக்கமும் சமமாக எடுங்கள். ஒற்றைப்படையாக வந்தால், கூடுதல் கண்ணியை 6 மணிப் பக்கத்தில் எடுப்பது வழக்கம்.

இனி, கண்ணிகளை இணைக்கும் சிறு கம்பியான பின். உண்மையான சேதம் இங்கேதான். கண்ணியின் உள்பக்கம் அம்புக்குறி இருக்கும். பின்னை அந்தத் திசையில் தட்டி வெளியேற்ற வேண்டும், திரும்பப் போடும்போது எதிர்த்திசையில் நுழைக்க வேண்டும். நுனி பிளந்த பின் என்றால் பிளவில்லாத முனை முதலில் உள்ளே போகும். அம்புக்கு எதிராக அடித்தால் பின் வளையும், இல்லையேல் துளை அகன்றுவிடும். துளை அகன்ற கண்ணியில் புதுப் பின்னும் நிற்காது.

சீக்கோவின் பல செயின்களில் பின்னோடு ஒரு குட்டிக் குழலும் உண்டு. பின்னைப் பிடித்துவைப்பதே அந்தக் குழல்தான். அரிசியைவிடச் சிறியது, பின் வெளியே வந்ததும் சத்தமில்லாமல் விழுந்து உருண்டுவிடும். வெள்ளைத் துண்டை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள், குழல் நடுக்கண்ணியில் இருந்ததா ஓரத்திலா என்று குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது பின் விரலாலேயே வழுக்கிக்கொண்டு போனால் குழல் உள்ளே இல்லை என்று பொருள். அப்படியே கட்டிக்கொண்டு போனால் வாட்ச் நடுத்தெருவில் கழன்று விழும்.

பின்னுக்குப் பதில் திருகாணி உள்ள வகையில் தவறே வேறு. தலையின் பிளவுக்குப் பொருந்தாத திருப்புளியை வைத்து அழுத்தினால் தலை சிதையும். அசையாவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம். தொழிற்சாலையில் பசை போட்டிருப்பார்கள். ஹேர் டிரையரால் சூடாக்கினால் இளகும். பூட்டும்போது ஊதா நிற லாக்டைட் 222 (திருகாணி தளராமல் பிடிக்கும் பசை) துளியளவு போதும். சிவப்பைத் தொடாதீர்கள்; அடுத்த முறை கழற்றவே முடியாது.

பெல்ட் மாற்றுகிறவர்கள் லக் (வாட்சில் பெல்ட் மாட்டும் கொம்புகள்) அகலத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வாங்கிவிடுகிறார்கள். 20 மி.மீ. லக்கில் 22 மி.மீ. பெல்ட்டைத் திணித்தால் ஓரம் நசுங்கும். மாறிப்போட்டால் இடைவெளியில் ஸ்பிரிங் பார் பல்லிளிக்கும். காலிப்பரால் அளந்துவிடுங்கள். கருவி வழுக்கி லக்கைக் கீறாமலிருக்க அங்கே காகித டேப் ஒட்டுங்கள். ஸ்பிரிங் பாரை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுக் கழற்றினால், தெறித்தாலும் சோபாவுக்கடியில் தேட வேண்டியதில்லை.

தோல் பெல்ட்டை இந்த ஊர் ஈரத்தில் தினமும் கட்டுவது வீண்செலவு. வியர்வை காயாமல் நாறும், அலமாரியில் பூஞ்சை பூக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுங்கள். நனைந்தால் நிழலில் காயவையுங்கள். கேமராவுக்கான உலர்பெட்டி இருந்தால் 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் போதும். அதற்குக் கீழே போனால் தோல் வெடிக்கும். ஈஸ்ட் கோஸ்ட்டில் கடல்நீர் பட்ட உலோகச் செயினைக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள் (வாட்ச் தண்ணீர் தாங்குமென்றால் மட்டும்). உப்பு முதலில் தின்பது ஸ்பிரிங் பாரைத்தான்.

கழற்றிய கண்ணிகளைப் பின், குழலோடு சிறு பையில் போட்டு, எந்த வாட்சுக்கு என்று எழுதிவையுங்கள். கரௌசெல் விற்பனைச் செயலியில் பழையது வாங்கும்போதும் மிச்சக் கண்ணிகள் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். விற்பவரின் ஒல்லிக் கைக்குச் சுருக்கிய செயினை, உங்கள் கைக்கு நீட்டத் தனிக் கண்ணி கிடைப்பது குதிரைக்கொம்பு.