அலுமினிய பைப் ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங்: காத்துலயும் தண்ணிக்குள்ளயும் போட்டு கம்பேர் பண்றது எப்படி

இந்த வெல்டிங்ல சுத்துற டூலை ஜாயின்ட்ல அழுத்தி நகர்த்துவோம், உரசுற சூட்டுல மெட்டல் உருகாம இளகி கலந்து ஒட்டிக்கும். ஒரே ஆர்பிஎம் (டூல் சுத்துற வேகம்) வச்சு காத்துல ஒண்ணு, தண்ணிக்குள்ள ஒண்ணு போட்டுட்டு எது பெட்டர்னு முடிவு பண்ணிடாதீங்க, அது நியாயமே இல்ல. தண்ணி சூட்டை வேகமா இழுத்துக்கும், அதனால காத்துல அருமையா வர்ற செட்டிங்லயே தண்ணிக்குள்ள மெட்டல் சரியா இளகாம அட்வான்சிங் சைடுல (டூல் சுத்துற திசையும் நகர்ற திசையும் ஒண்ணா இருக்கிற பக்கம்) உள்ளுக்குள்ள டனல் மாதிரி ஓட்டை விழலாம், மேல பார்த்தா பளபளன்னுதான் இருக்கும், குறுக்க வெட்டி பாலிஷ் பண்ணி எட்ச் பண்ணா (கெமிக்கல்ல லேசா அரிக்க விட்டா) தெரியும். முதல்ல ஒரே செட்டிங்ல போடுங்க, கூலிங்கோட தாக்கம் மட்டும் தனியா தெரியும். அப்புறம் தண்ணிக்கு ஆர்பிஎம்மை ஏத்தியோ டிராவல் ஸ்பீடை குறைச்சோ அதோட பெஸ்டை புடிச்சு, ரெண்டு பெஸ்டையும் பக்கத்துல வைங்க.

பைப்புக்கு 6061-டி6 (சூட்டு முறையில கடினமாக்கின அலுமினிய அலாய்) எடுங்க. இந்த அலாய்க்கு பலமே நுண்ணிய மெக்னீசியம் சிலிசைடு துகள்தான், சூடு பட்டா அது கரைஞ்சும் பெருத்தும் போய் வெல்டு ஓரம் சாஃப்ட் ஆயிடும், தண்ணி அந்த சாஃப்ட் ஏரியாவை சுருக்கும். 5083ங்கிற வேற அலுமினிய அலாய்ல அனீல் பண்ண (சூடாக்கி சாஃப்ட் ஆக்கின) பைப்ல இந்த பலனை தேடாதீங்க, அதுக்கு இந்த மாதிரி துகளால வர்ற பலம் கிடையாது.

பைப்புக்கு உள்ள இருந்து தாங்குற உருளை, அதாவது மேண்ட்ரல், டைட்டா இருக்கணும், கேப் இருந்தா டூல் அழுத்துறப்போ பைப் உள்வாங்கிடும். டூல் எச்13 ஸ்டீல் (சூடு தாங்குற டூல் ஸ்டீல்) போதும், அதோட பின் (மெட்டலுக்குள்ள இறங்குற முனை) நீளம் சுவர் தடிமனை விட ஒரு 0.2 மிமீ கம்மியா. ஜாயின்டை பிரஷ் போட்டு அசிட்டோன்ல துடைங்க. ஷோல்டர் (டூல்ல பின்னுக்கு மேல, பைப் மேற்பரப்புல உரசுற அகலமான பகுதி) முங்குற அளவு தண்ணி வேணும், ஒவ்வொரு வெல்டுக்கும் முன்னாடி தண்ணி டெம்பரேச்சர் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, இதை விட்டா மொத்த டேட்டாவும் வீண்.

டெஸ்ட்ல எனக்கு முக்கியம் விக்கர்ஸ் ஹார்ட்னஸ் (வைர முனையை அழுத்தி, பதியிற தடத்தை வச்சு கடினத்தை அளக்கிறது). வெல்டுக்கு குறுக்கால 1 மிமீக்கு ஒரு புள்ளி வைங்க, எந்த இடம் ரொம்ப இறங்குது, எவ்வளவு அகலத்துக்கு இறங்குதுன்னு ரெண்டையும் குறிச்சுக்குங்க. இந்த அலாய் ரூம் டெம்பரேச்சர்லயே நாளாக நாளாக கொஞ்சம் கடினமாகும், அதனால ரெண்டு பைப்பையும் வெல்டு போட்டு அதே அளவு நாள் கழிச்சுதான் அளக்கணும். டென்சைல் டெஸ்டுக்கு (இழுத்து பலம் பார்க்கிறது) பீஸ் எடுக்கும்போது வளைவை தட்டி நிமித்தாதீங்க, அந்த அடியே ரிசல்ட்டை மாத்திடும். டூல் வெளிய வர்ற இடத்துல பின் அளவுக்கு ஓட்டை நிக்கும், அதை ஒட்டியும் ஆரம்பிச்ச இடத்துலயும் பீஸ் வெட்டாம நடு ஓட்டத்துல இருந்து மட்டும் எடுங்க.