‘தப்புத் தண்டாவுக்குப் போகாதே’ என்று சொன்னால் முடிந்ததா?

இலங்கையின் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாலியல் கல்வி என்று வாயெடுத்தாலே சண்டைதான். “கல்யாணம் வரைக்கும் ஒழுக்கமாக இருக்கச் சொல்லுங்கள், அது போதும்” என்று ஒரு பக்கம், “எல்லாத்தையும் சொல்லிக் கொடுங்கள்” என்று இன்னொரு பக்கம். பல வருடமாகச் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறவள் நான். இரண்டு பக்கமும் சறுக்குகிற இடங்கள் எனக்குத் தெரியும், சிலதில் நானே சறுக்கியிருக்கிறேன்.

முழுமையான பாலியல் கல்வி என்றால் பிள்ளைகளை ‘போய்ச் செய்யுங்கள்’ என்று அனுப்பிவைப்பது என்று நினைப்பது முதல் தவறு. ‘அவசரப்படாதே, தள்ளிப்போடு’ அதிலும் இருக்கிறது, ஆனால் அதோடு நின்றுவிடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ‘விலகியிரு’ என்பதை மட்டும் சொல்லும் பாடத்தை அரசாங்கக் காசில் பெரிதாக நடத்திப் பார்த்தது அமெரிக்கா. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கென்றே வருடத்துக்கு 50 மில்லியன் டொலர் ஒதுக்கியது. பிறகு அங்குள்ள நாடாளுமன்றமான காங்கிரஸே கேட்டு நடத்திய ஆய்வின் முடிவு 2007இல் வந்தது. நான்கு திட்டங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். உறவு கொண்டவர்கள் முதலில் அதில் ஈடுபட்ட சராசரி வயது, பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் ஒன்றேதான்: 14.9. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பாடம் கேட்டவர்கள் பாதுகாப்பில்லாமல் உறவு கொள்வது அதனால் கூடவும் இல்லை. ஆக, அந்தப் பாடம் பிள்ளைகளைக் கெடுத்தது என்று பேசுவதும் தவறு. காசு போனது, ஒன்றும் மாறவில்லை.

சொல்லிக் கொடுத்தால் ஆசை கிளம்பிவிடும் என்பார்கள். பல நாட்டு ஆய்வுகளைப் பார்த்து எழுதிய யுனெஸ்கோவின் 2018 வழிகாட்டி அப்படி இல்லை என்கிறது. அதை விடுங்கள், நம் லயத்து வீடுகளைப் பாருங்கள். ஒரே காம்பராவில் தாத்தா முதல் கைக்குழந்தை வரை, நடுவில் பழைய சேலை ஒன்று மறைப்பு, முன்திண்ணையான இஸ்தோப்பில் அண்ணனின் போன். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நம்புவது பெரியவர்கள் மட்டும்தான்.

என் கண்ணில் மிகப் பெரிய தவறு வேறு. ‘நீ ஒழுங்காக இரு’ என்கிற பாடம், எல்லாம் பிள்ளையின் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுகிறது. அம்மா வெளிநாட்டில், அப்பா பின்னேரமானால் நிதானத்தில் இல்லை, பிள்ளை இருப்பது சொந்தக்காரர் வீட்டில். அங்கே யாராவது கை வைத்தால், இத்தனை நாளும் ‘கெட்டுப்போகாதே’ என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை என்ன நினைக்கும்? தான்தான் கெட்டுப்போனதாக நினைத்து வாயை மூடிக்கொள்ளும்.

அப்படியே சொல்ல வந்தாலும் வார்த்தை வேண்டுமே. உடம்பின் அந்த இடங்களுக்கு நம் பிள்ளைகளிடம் இருப்பதெல்லாம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைச் சண்டையில் கேட்ட வசைச் சொற்கள். ஒரு முறை ஏழாம் தரத்துப் பிள்ளை ஒன்று என்னிடம் எதையோ சொல்ல வந்து அப்படி ஒரு சொல்லை உதிர்த்தது. “டீச்சர்கிட்ட பேசுற பேச்சா இது?” என்று அதட்டிவிட்டேன். அது திரும்ப வரவில்லை. அடுத்த கிழமையே பிஸ்கட் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, பெயர் எழுதாமல் கேள்வி போடச் சொன்னேன். பீலியில் ஒன்றாகக் குளித்தால் பிள்ளை உண்டாகுமா என்று ஒரு துண்டு. “மாமா தொட்டா அதுவும் தப்புத் தண்டாவா?” என்று ஒரு துண்டு. அதற்குப் பிறகுதான் உறுப்புகளின் பெயரை, வெட்கப்படாமல், கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கத் தொடங்கினேன். யாரிடமும் சொல்ல முடியாத பிள்ளைக்கு 1929 என்ற இலக்கத்தையும் பக்கத்திலேயே எழுதி வைப்பேன். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம் அது, தமிழிலும் பேசலாம்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பாடம் நடத்துவதும் தவறு. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் 1995ஆம் ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையோடு உறவு கொண்டால் அவள் சம்மதித்திருந்தாலும் அது பாலியல் வல்லுறவுதான். பொதுச் சட்டப்படி கல்யாணத்துக்கு 18. இது தெரியாமல் தோட்டத் தலைவரை வைத்துப் பேசி “கட்டி வைத்துவிடலாம்” என்று முடிப்பது தோட்டத்தில் இன்னும் நடக்கிறது. பத்தொன்பது வயதுப் பையனுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், பிறகு பொலிஸ் வரும்போது அழுது பிரயோசனமில்லை.

பையன்கள் என்றதும் ஞாபகம் வருகிறது. குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ் பேச வந்தால் பெண்பிள்ளைகளை மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டு பையன்களைக் கிரிக்கெட் விளையாட அனுப்புவது எங்கள் வழக்கம். எத்தனை வருடம் நானும் அப்படியே அனுப்பினேன். போன வருடம் அவர்களையும் உட்காரவைத்தோம். முதல் அரை மணி நேரம் ஒரே சிரிப்பு, ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டு. அப்புறம் பின்வரிசையில் ஒருவன் எழுந்து, “அந்த நாள்ல அம்மா மலையில கொழுந்து எடுக்கிறப்ப துணி மாத்த எங்க டீச்சர் போவாங்க? அங்க டொய்லட் இல்லையே” என்றான். மிஸ் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.