லிஃப்ட் கிட் வாங்கப் போறீங்களா, முதல்ல வண்டி எங்க இடிக்குதுன்னு பாருங்க

போடி, கம்பம் பக்கம் ஜிம்னி, தார் மாதிரி ஜீப் வண்டி வாங்கின பசங்க எல்லாம், வண்டி உடம்ப உசத்தற லிஃப்ட் கிட் பத்தி கேக்கறது ஒரே கேள்விதான், "அண்ணே ரெண்டு இன்ச்சு போடலாமா, நாலு இன்ச்சு போடலாமா". இன்ச்சுல இருந்து ஆரம்பிச்சா வேண்டாத சாமானைத்தான் வாங்குவீங்க. சூரியநெல்லி, கம்பம்மெட்டுப் பக்கம் ஏதாவது ஏலத்தோட்டத்து ரோட்டுல நல்லா ஒரு தடவ ஏத்தி இறக்கிட்டு வந்து, வண்டிய கழுவறதுக்கு முன்னாடி ஒரு டார்ச்ச எடுத்துக்கிட்டு அடியில படுங்க. புதுசா பளபளன்னு தேய்ஞ்ச இடம் எங்க இருக்கு? பின்னாடி ஆக்சில் நடுவுல டிஃபரன்ஷியல் கியர் இருக்கற ஹவுசிங் உருண்டையிலயா, நடு வயித்துல சேசிஸ் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர்லயா, முன் பம்பர் அடியிலயா, சைலன்சர் வால்லயா? டயர் மட்கார்டு உள்பக்கம் உரசியிருக்கா? ஸ்பிரிங் முழுசா அமுங்கும்போது முட்டுக் குடுக்கற பம்ப் ஸ்டாப் ரப்பர் அடி வாங்கி நசுங்கியிருக்கா? ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற, அதுல பாதிக்கு லிஃப்ட் கிட்டே தேவையில்ல.

ஹவுசிங்தான் அடி வாங்குதுன்னா நீங்க எவ்வளவு பெரிய ஸ்பிரிங் போட்டாலும் ஒரு மில்லிமீட்டர் கூட உசராது. ஆக்சில் நிக்கறது டயர் மேல, ஸ்பிரிங் தூக்கறது ஆக்சிலுக்கு மேல இருக்கற உடம்பை மட்டும்தான். இத நிறைய பேரு காசு செலவு பண்ணதுக்கு அப்புறம்தான் யோசிக்கறாங்க. ஹவுசிங்க தூக்கணும்னா டயர்தான் வழி. கணக்கு சுலபம்: ஜிம்னிக்கு கம்பெனியில வர்றது 195/80 ஆர்15, அதோட முழு உசரம் 693 மிமீ. 235/75 ஆர்15 போட்டா 733 மிமீ சொச்சம். வித்தியாசம் 40, ஆனா ஆக்சில் நடு வீல் செண்டர்ல இருக்கறதால உங்களுக்குக் கெடைக்கறது அதுல பாதி, 20 மிமீ. அந்த 20க்கே மீட்டர் கம்மியா காட்டும், 60ன்னு முள்ளு நிக்கும்போது வண்டி நிஜமா 63 தாண்டியிருக்கும், ஏத்தத்துல கியரும் கொஞ்சம் இழுக்கத் திணறும். அதனால டயர் சைஸ முதல்ல முடிவு பண்ணுங்க, ஸ்பிரிங் அமுங்கி அந்த டயர் முழுசா மேல ஏறும்போதும் ஸ்டீயரிங் ஒடிக்கும்போதும் உரசாம இருக்க எவ்வளவு இடம் வேணுமோ அதுதான் உங்க லிஃப்டு. வரிசை இதுதான், முதல்ல டயர், அப்புறம் லிஃப்ட்.

நடு வயிறு இடிக்குதுன்னா அங்க லிஃப்டுக்கு நியாயம் இருக்கு. வயிறு தட்டாம மேட்டு முதுக தாண்டற கோணம், அதாவது பிரேக்ஓவர் ஆங்கிள், அஞ்சு டோர் ஜிம்னிக்கு 24 டிகிரி, வெளிநாட்டுல விக்கற மூணு டோருக்கு 28. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற வீல்பேஸ் 340 மிமீ நீளமானதுக்குக் குடுக்கற விலை அது. மேட்டு முதுகுல ஏறி இறங்கும்போது வயிறு தட்டறது இதனாலதான். புது தாருக்கு 27 டிகிரி, கிரவுண்ட் கிளியரன்ஸ் 226 மிமீ, பாதைய பாத்து ஓட்டினா கம்பெனியில வந்தபடியே இந்தப் பக்கத்து ரோடெல்லாம் போயிடும். கொழுக்குமலைக்கு ஆளேத்திட்டுப் போற ஜீப்புங்களைப் பாருங்க, பெரும்பாலும் பழைய கமாண்டர், மேஜர்தான், கமான் பட்டை (அடுக்கு இரும்புப் பட்டை ஸ்பிரிங்) வண்டி. நாலு இன்ச்சு எவன் போட்டான்? எந்தக் கல்லுல எந்த டயர வைக்கணும்னு தெரிஞ்சு ஓட்டறாங்க.

அப்புறம் சுமையில வண்டி பின்பக்கம் அமுங்கிப் போற கேசு. நம்ம ஊருல இதுதான் அதிகம். வீட்டு வண்டியிலயே ஏலக்கா மூட்டை, உர மூட்டை, மேல கேரியர், பின்னாடி ஆளுங்க. இதுக்கு உசரம் முக்கியம் இல்ல, ஸ்பிரிங்கோட பலம்தான் முக்கியம், கடைக்காரங்க ஸ்பிரிங் ரேட்டுன்னு சொல்லுவாங்க. ஒரு ஸ்பிரிங்கு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன்னு வைங்க. பின்னாடி 100 கிலோ ஏத்தினா ஒரு பக்கத்துக்கு 50 கிலோ, அதாவது 490 நியூட்டன், வண்டி சுமார் 20 மிமீ உக்காரும். இப்ப தலைகீழா யோசிங்க: 100 கிலோ சுமையோட 40 மிமீ தூக்கணும்னு செஞ்ச ஸ்பிரிங்க காலி வண்டியில போட்டா 60 மிமீ தூக்கி நிக்கும், பின்பக்கம் தேள் மாதிரி நிமிந்துக்கிட்டு, ஒவ்வொரு பள்ளத்துலயும் முதுக ஒடிக்கும். நல்ல கம்பெனிங்க, ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன் மாதிரி ஆஸ்திரேலியாக்காரங்க, ஒரே வண்டிக்கு ஒரே உசரத்துக்கு சுமைய வச்சு ரெண்டு மூணு விதமா ஸ்பிரிங் குடுக்கறது இதுக்குத்தான். கடையில "எத்தன இன்ச்சு"ன்னு மட்டும் கேட்டுட்டு "எவ்வளவு வெயிட்டு"ன்னு கேக்காம பில் போட்டா எந்திரிச்சு வந்துடுங்க.

வெயிட்டு எப்படிப் பாக்கறது? எடை மேடைக்குப் போங்க, வழக்கமா என்னென்ன ஏத்துவீங்களோ எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு, டேங்க் ஃபுல் பண்ணி, நீங்களும் உக்காந்துக்கிட்டு. முதல்ல முன் சக்கரம் மட்டும் மேடை மேல ஏத்தி ஒரு சீட்டு, அப்புறம் முழு வண்டிக்கு ஒரு சீட்டு. கழிச்சா பின் ஆக்சில் எடை வந்துடும். மாட்டின வண்டிய இழுக்கற விஞ்ச், இரும்பு பம்பர் அப்புறமா முன்பக்கம் போடற ஐடியா இருந்தா அத முன் எடையில கூட்டிக்கங்க, இப்ப ஸ்பிரிங் வாங்கிட்டு நாளைக்கு 60, 70 கிலோ இரும்ப மூக்குல மாட்டினா கணக்கு போச்சு. சமதரையில வண்டிய நிறுத்தி வீல் நடு மையத்துல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் டேப் வச்சு அளந்து எழுதி வச்சுக்கங்க. தரையில இருந்து அளக்காதீங்க, டயர் காத்துக்கே அந்த அளவு மாறும்.

இனி உங்க வண்டி எந்த வகைன்னு பாக்கணும். எம்எம்540, மேஜர், ஜிப்ஸி எல்லாம் நாலு பக்கமும் கமான் பட்டை. இதுல மலிவான வழி, பட்டை முனைய சேசிஸோட மாட்டற ஷேக்கிள நீளமா போடறது, 50 மிமீ நீளம் கூட்டினா சுமார் 25தான் உசரும், முன்னாடி போட்டா ஸ்டீயரிங்க தானா நேரா வர வைக்கற கேஸ்டர் சாய்மானமும் மாறிடும். கமான் பட்டறையில குடுத்து பழைய பட்டையவே அடிச்சு வளைச்சுக் குடுப்பாங்க, கொஞ்ச நாள் நல்லா நிக்கும், அப்புறம் திரும்ப உக்காந்துடும். கூட ஒரு பட்டை சேக்கறது சுமை வண்டிக்கு ஓகே, காலி வண்டிக்கு உலுக்கும். பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல கட்டை வைக்கறத முன் ஆக்சில்ல மட்டும் யாரு சொன்னாலும் செய்யாதீங்க, பிரேக் புடிக்கும்போது ஆக்சில் முறுக்கி கட்டை நழுவினா கொண்டை ஊசியில போட்டது போட்டபடிதான். எது பண்ணாலும் பட்டைய ஆக்சிலோட கட்டற யூ போல்ட் புதுசு போடுங்க, ஒரு தடவ இழுத்து முறுக்கினது நீண்டிருக்கும்.

2010ல இருந்து 2020 வரைக்கும் வந்த பழைய தார் சிஆர்டிஇ மாடல்ல பின்னாடி பட்டை, முன்னாடி முறுக்குல ஸ்பிரிங் வேலை செய்யற டார்ஷன் பார் கம்பி. அதோட போல்ட்ட முறுக்கினாலே முன்பக்கம் எந்திரிக்கும், பைசா செலவில்லன்னு ஒர்க்‌ஷாப்ல சொல்லுவாங்க. உண்மைதான், ஆனா அது உசரம் குடுக்கறது சக்கரம் கீழ தொங்கறதுக்கு இருக்கற இடத்த தின்னுட்டுத்தான், பள்ளத்துல சக்கரம் இறங்காம அந்தரத்துல நிக்கும், சின்ன குழியில கூட டங்குன்னு சத்தம் வரும். கொஞ்சமா முறுக்கி முன்ன பின்ன மட்டம் பண்ணிக்கலாம், அதோட நிறுத்திக்கங்க.

புது தார்ல முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன், காயில் ஸ்பிரிங். இங்க ஸ்பிரிங்குக்கு மேல வைக்கற ஸ்பேசர் கட்டையோட தடிமனும் வண்டி உசர்றதும் ஒண்ணில்ல, ஸ்பிரிங் சக்கரத்த புடிச்சிருக்கற ஆர்ம்மோட நடுவுல உக்காந்திருக்கறதால 25 மிமீ ஸ்பேசருக்கு சக்கரத்துகிட்ட அதவிட நல்லாவே கூட வரும், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கூட போகலாம். 50 மிமீக்கு மேல போனா டிரைவ் ஷாஃப்ட் சாய்ஞ்சு நின்னு அதோட ரப்பர் உறையான பூட் கிழியும், மேல் ஆர்ம் பால் ஜாயின்ட் எல்லைய முட்டும், மேல் ஆர்ம்மே மாத்தணும், டிஃபரன்ஷியல கீழ இறக்கணும், செலவு எங்கயோ போயிடும். ஜிம்னி முன்னயும் பின்னயும் முழு ஆக்சில், காயில் ஸ்பிரிங், தூக்கறதுக்கு சுலபமான வண்டி. ஆனா தூக்கினா முன் ஆக்சில் கொஞ்சம் சுழண்டு கேஸ்டர் குறையும், வளைவு திரும்பினதும் ஸ்டீயரிங் தானா நேரா வராம சோம்பேறியா நிக்கும், தேனி ரோட்டுல 80ல போகும்போது வண்டி அலையும். அதுக்கு கேஸ்டர் சரி பண்ற ஆஃப்செட் புஷ் (துளை மையம் விலகின ரப்பர்) கிட்லயே இருக்கான்னு கேளுங்க. ஆக்சில பக்கவாட்டுல புடிச்சு வைக்கற பானார்ட் ராடு நீளம் அதேதான்கறதால ஆக்சில் ஒரு பக்கமா சில மில்லிமீட்டர் நகரும், அட்ஜஸ்ட் பண்ற ராடு இருந்தா நடுவுல கொண்டு வந்துடலாம்.

ஷாக் அப்சார்பர் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். புது ஸ்பிரிங், பழைய ஷாக்குன்னு போட்டா ரெண்டு கோளாறு. ஒண்ணு, நீளம் பத்தாம ஷாக்கே சக்கரத்த தொங்கவிடாம இழுத்துப் புடிச்சு நிக்கும், அடி முழுக்க ஷாக்க மாட்டற வளையத்துலயும் அதோட ரப்பர் புஷ்லயும் விழும். ரெண்டு, பலமான ஸ்பிரிங் திரும்பி உதைக்கறத அது தாங்காது, போடிமெட்டு இறக்கத்துல வண்டி படகா ஆடும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே கம்பெனி ஜோடியா வாங்கறது நல்லது. கேட்டலாக்ல சுருங்கின நீளம், விரிஞ்ச நீளம் ரெண்டும் போட்டிருப்பான், சுருங்கின நீளத்துக்கு முன்னாடியே பம்ப் ஸ்டாப் தட்டணும், இல்லன்னா ஷாக்தான் பம்ப் ஸ்டாப் வேலை பாக்கும். தோட்டத்து ரோட்டுல பத்து, பதினஞ்சு வேகத்துல போறவங்களுக்கு தனி எண்ணெய் டப்பா வச்ச, விலை கூடின ரிசர்வாயர் ஷாக் தேவையே இல்ல, அது வேகமா நெடுந்தூரம் உலுக்குற மண் ரோட்டுல சூடாகாம இருக்கறதுக்கு.

பிரேக் ஹோஸ் நீளம், இன்ஜின் சுழற்சிய ஆக்சிலுக்குக் கொண்டு போற ஜாயின்ட் ஷாஃப்ட்டோட சாய்மானம் இதையும் பாக்கச் சொல்லுங்க. வண்டிய ஜாக்கியில ஏத்தி சக்கரத்த முழுசா தொங்கவிட்டு ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் ஒடிச்சு ஹோஸ் விறைக்குதான்னு கண்ணால பாருங்க. 50க்கு மேல் வேகத்துல அடியில இருந்து உறுமல் வந்தா அது ஷாஃப்ட் ஆங்கிள், ஷாஃப்ட் ஜாயின்ட்ல இருக்கற கிராஸ் சீக்கிரம் போகும்.

சட்டம் பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா நாம தினம் தாண்டறது கேரளா செக்போஸ்ட்டு, அந்தப் பக்கம் எம்விடி (மோட்டார் வாகனத் துறை) மாடிஃபிகேஷன் விஷயத்துல கறார். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தக் கூடாது, கேரளாவுல இருந்து போன கேசுலயே 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட் அத உறுதி பண்ணிடுச்சு. 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டுமேன்னு எழுதியிருக்கு. அதனால போடறது உங்க பொறுப்பு. நீங்க இன்சூரன்ஸ்காரங்க கிட்ட சொல்லாம வச்சா கிளெய்ம் நேரத்துல சண்டை வரும். கழட்டின பழைய ஸ்பிரிங், ஷாக் எதையும் இரும்புக்கடைக்குப் போடாதீங்க, திரும்ப மாட்ட வேண்டி வரலாம். என்னைக் கேட்டா இந்தப் பக்கத்து மலைக்கு 40 மிமீ தாராளம். அதுக்கு மேல போனா கொண்டை ஊசியில பஸ்சுக்கு ஒதுங்கி ஓரம் சாய்ஞ்சு நிக்கும்போது வண்டி எவ்வளவு சாயுதுன்னு வயித்துக்கே தெரியும், கூட வர்ற வீட்டுக்காரம்மா அடுத்த தடவ பஸ்லயே போயிடுவாங்க.

மாட்டும்போது ஒரே ஒரு விஷயத்த பக்கத்துல நின்னு பாருங்க: ஆர்ம் புஷ் போல்ட்டுங்கள வண்டி ஜாக்கியில தொங்கும்போதே கடைசி முறுக்கு முறுக்கிடுவாங்க, அப்படி செஞ்சா இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டிய தரையில இறக்கி, நாலு பேரு ஏறி ஆட்டிவிட்டு, அப்புறம்தான் டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்கணும். அன்னைக்கே வீல் அலைன்மென்ட், பிரிண்ட் வாங்கி கேஸ்டர் நம்பரப் பாருங்க. முன்னாடி எழுதி வச்ச நாலு அளவையும் திரும்ப அளந்து பாருங்க, புது ஸ்பிரிங் கொஞ்ச நாள்ல சில மில்லிமீட்டர் உக்காரும், அது சகஜம். 500 கிலோமீட்டர் ஓடினதும் எல்லா போல்ட்டும், முக்கியமா யூ போல்ட்டு, ஒரு தடவ இறுக்கிப் பாக்கணும். ஹெட்லைட்ட கீழ இறக்கி வைக்க மறக்காதீங்க, மூக்கு எந்திரிச்சதுல வெளிச்சம் நேரா எதுக்க வர்ற டிரைவர் கண்ணுலதான் போகும், போடிமெட்டு மூடுபனியில அவனுக்கும் ரோடு தெரியாது உங்களுக்கும் தெரியாது.